தொங்கு ஊமத்தை வைத்த அண்ணி

எங்கள் அண்ணியின் வாயிலிருந்து 'சரி' என்ற சொல் சுலபத்தில் வராது. சாப்பிட வா என்றால் "பாக்கலாம்" என்பாள். மழை வரும்போல இருக்கிறது, துணியை எடு என்றால் வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வரட்டும், அப்பறமா எடுக்கலாம்" என்பாள். துணி நனையும். நனைந்ததைப் பிழிந்து மறுபடி அதே கொடியில் போடுவாள், முகத்தில் ஒரு வருத்தமும் இருக்காது. என் அம்மாவுக்கு இது பொறுக்கவே பொறுக்காது. "இன்னா பொண்ணுடி இவ, எத சொன்னாலும் எதிரா நிக்கறா" என்று என்னிடம் வந்து புலம்புவாள். எனக்கோ அண்ணியை வந்த நாளிலிருந்தே பிடித்துவிட்டது. நாங்களெல்லாம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியே வளர்ந்தவர்கள். பெரியப்பா தும்மினால்கூட நியாயமாகத்தான் தும்மினார் என்று சொல்கிற வீடு அது.

பாகூருக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம் எங்களுடையது. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் இருந்த பெரியப்பாதான் எங்களுக்கும் சேர்த்துப் பேசினார், எங்களுக்கும் சேர்த்து முடிவெடுத்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். அண்ணனுக்கு வயலில் மனசு போகவில்லை. சின்ன யானை என்கிற சரக்கு வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, வீராம்பட்டினத்திலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி வில்லியனூர், மூலக்குளம் என்று போட்டுக்கொண்டிருந்தான். அப்படிப் போன இடத்தில் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டு வந்தவள்தான் அண்ணி.

கடலோரத்துப் பெண் என்பதில் பெரியப்பாவுக்கு மனத்தாங்கல். "மீன் ஏத்தப் போனவன் மீன்காரிய ஏத்திக்கினு வந்துட்டான்" என்று கல்யாணப் பந்தியிலேயே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இலைக்கு முன்னால் மாலையோடு உட்கார்ந்திருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏத்திக்கினு வரல மாமா. நானாத்தான் ஏறி வந்தேன்" என்றாள்.

மணப்பெண் பந்தியில் வாயைத் திறந்து எங்கள் ஊரில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. பரிமாறிக்கொண்டிருந்தவர் கையில் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான்.

அந்தச் செடியைக் கொண்டுவந்ததும் அண்ணன்தான். ஒருமுறை கருவாட்டு லோடு ஏற்றிக்கொண்டு கோத்தகிரி போனவன், திரும்பும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஒரு குச்சியைக் கொண்டுவந்தான். அங்கே வேலியோரமெல்லாம் அது காடாய்க் கிடக்கிறதாம். முழ நீளத்துக்கு மணிமணியாய்த் தலைகீழாகத் தொங்குகிற பூவாம். பொழுது சாய்ந்தால் தெருவே மணக்குமாம். "மீன் வாடையில உன் மூக்கு செத்துப்போயிருக்கும், கொஞ்சம் உயிர் வரட்டும்" என்று அண்ணியிடம் நீட்டினான். வில்லியனூர் ரோட்டு நர்சரிக்காரரிடம் போனில் படத்தைக் காட்டியபோது, "இது புரூக்மேன்சியா. மலைச் செடி. நம்ம வெயிலுக்கு நிக்காதும்மா, ஆசைய வுட்டுடுங்க" என்றார். அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. முடியாது என்று யாராவது சொன்னால் அண்ணிக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கும்.

எங்கள் தெரு அதற்குத் தொங்கு ஊமத்தை என்று பெயர் வைத்தது. ஊமத்தையைச் சிவனுக்குப் போடலாம், வீட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தொட்டால் அரிக்கும், முகர்ந்தால் பைத்தியம் பிடிக்கும், தின்றால் ஆளே காலி. இதில் தின்பதைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை. போதாததற்குப் பூ வேறு தலைகீழாகத் தொங்கும். அப்படித் தொங்குகிற பூ வாசலில் நின்றால் குடும்பமே தலைகீழாகிவிடும் என்று பெரியப்பா தன் பங்குக்குச் சேர்த்தார்.

"வெச்சித்தான் தொலைக்கணும்னா கொல்லப்பக்கமா தரையில வெய்யி" என்றாள் அம்மா.

அண்ணி தொட்டியில் வைத்தாள். நீலப் பேரல் ஒன்றைப் பாதியாக அறுத்து, கம்பியைக் காய்ச்சி அடியில் ஓட்டைகள் போட்டு, செம்மண்ணும் மணலும் மக்கின சாணியும் கலந்து நிரப்பி, வீட்டு முன்னாலேயே வைத்தாள். "நம்முது களிமண்ணு அத்த. மழ பேஞ்சா தண்ணி நின்னு வேரு அழுவும். வெயிலு அடிச்சா பாளம் பாளமா வெடிக்கும். தொட்டின்னா வேணுங்கற எடத்துக்கு இழுத்துக்கலாம்" என்றாள். தினமும் வெயில் ஏறும்போது பேரலுக்கு அடியில் கோணியைக் கொடுத்து, பின்பக்கமாகவே நடந்து, வேப்பமர நிழலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். சாயங்காலம் திரும்ப இழுத்துவருவாள். அந்தக் கோணி போகிற வழி அம்மா போட்ட கோலத்துக்கு நட்டநடுவே. காலையில் அம்மா புள்ளி வைத்து இழை இழுப்பாள், முற்பகலில் அண்ணி அதன்மேல் பேரலை இழுப்பாள். கோலம் இடம் மாறவில்லை. பேரலும் வழி மாறவில்லை.

நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி இதே செடியைத் தொட்டியோடு இழுத்து வீட்டுக்குள் வைப்பதைக் கண்டுபிடித்து அண்ணிக்குக் காட்டினேன். பனி விழுகிற ஊராம். தரையில் வைத்தால் குளிரில் செத்துவிடுமாம். அண்ணி திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அவ குளுருக்கு இழுக்கறா, நான் வெயிலுக்கு இழுக்கறேன். ரெண்டு பேருக்கும் இடுப்பு வலிதான் மிச்சம் பாப்பா."

அந்தச் செடி மீன் கழுவின தண்ணீரில் வளர்ந்தது. அதற்குப் பசி அதிகம், எவ்வளவு கொடுத்தாலும் போதாது. வெள்ளிக்கிழமை வாசலில் மீன் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று அம்மா ஒரு சட்டம் போட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி ஒரு பக்கெட்டோடு வந்து நின்று ஊற்றினாள். அம்மா கத்தியபோது, "இன்னிக்கு மீனே வாங்கல அத்த. இது வியாழக்கெழம தண்ணி" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

வெகுநாள் அது ஒற்றைக் கம்பாகவே மேலே போய்க்கொண்டிருந்தது. இலை இருந்தது, பூ இல்லை. அண்ணன் கல்யாணமாகி அப்போது சில வருஷம் ஆகியிருந்தது, குழந்தை இல்லை. அம்மா ஒருநாள் செடியைப் பார்த்தபடி, "சிலது தழைக்கும், பூக்காது" என்றாள். அது செடியைச் சொன்னது இல்லை என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கு அம்மாமேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அண்ணி செடியின் தண்டைத் தடவிக்காட்டி, எதுவும் நடக்காததுபோலச் சொன்னாள். "இது கவை பிரியணும் அத்த. ஒத்தக் கம்பா இருக்கறவரைக்கும் பூக்காது. உச்சியில ரெண்டாப் பிரிஞ்சா அதுக்கு மேலதான் பூவெல்லாம். கவைக்கு மேல ஒடிச்சி நட்டா சட்டுனு பூத்துடும். கீழ ஒடிச்சி நட்டா மறுபடி மொதல்லருந்து வளந்து வரணும், நாளாவும். உங்க புள்ள கீழ ஒடிச்சிக்கினு வந்துட்டாரு."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷமே உச்சி இரண்டாகப் பிரிந்து பூத்தது. வெளிர் மஞ்சளில் நீளமான மணிகள். லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்து வாசனை பிடித்துக்கொண்டிருந்தான். பெரியப்பா வீட்டில் ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்டது.

பிறகு அண்ணன் செத்துப்போனான். வில்லியனூர் ரோட்டில் மணல் லாரி. அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை, எழுதப்போவதும் இல்லை. தெருவில் மட்டும் ஒரு பேச்சு சுற்றியது, தலைகீழாகத் தொங்குகிற பூவை வைத்தாளே, பார்த்தீர்களா என்று. அதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் அண்ணன் வண்டியில் வந்த மீனைத் தின்றவர்கள்.

எங்கள் பக்கத்தில் கருமாதி அன்றைக்குப் பிறந்த வீட்டார் புடவை கொண்டுவந்து கொடுத்து, தாலி இழந்த பெண்ணைக் கொஞ்ச நாளைக்குத் தங்களோடு அழைத்துக்கொண்டு போவார்கள். மனசு ஆறட்டும், ஒரு மாசம் இருந்துவிட்டு வரட்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகள் இருந்தால் திரும்பி வருவார்கள். பிள்ளை இல்லாதவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. யாரும் போ என்று சொல்வதில்லை, வா என்று கூப்பிடுவதும் இல்லை. அவர்கள் இருந்த அறையில் நெல் மூட்டை ஏறிவிடும். இப்படிப் போன இரண்டு சித்திகள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அவர்கள் பேரை இப்போது கல்யாணப் பத்திரிகையில்கூடப் போடுவதில்லை.

அண்ணியின் தம்பிமார் வீராம்பட்டினத்திலிருந்து ஒரு வண்டி பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாவம், அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். சாங்கியம் முடிந்து, புடவை கொடுத்து, எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபோது அண்ணி வெளியே வந்தாள். வண்டியில் அவள் துணிப்பை இருந்தது. துணிப்பைக்குப் பக்கத்தில் நீலப் பேரல், செடியோடு. அதைச் சுற்றி, வந்ததிலிருந்து அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்த சின்னப் பூந்தொட்டிகள் எல்லாம். பெரியப்பா வயலாட்களை விட்டு ஏற்றியிருந்தார்.

அண்ணி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு மாசத்துக்குத்தான போறேன் மாமா. தொட்டியெல்லாம் எதுக்கு?"

"இங்க யாரும்மா தண்ணி ஊத்தறது. உன் சாமான் உங்கூட இருந்தா உனக்கும் நிம்மதி" என்றார் பெரியப்பா. குரலில் அவ்வளவு கனிவு. "நீயும் தரையில ஒண்ணும் வெக்கல பாரு. எல்லாம் தொட்டிலதான் வெச்சிருந்த. அதுவும் நல்லதாப் போச்சு."

அவர் தப்பாகப் புரிந்துகொண்டது அந்த இடத்தில்தான். வெயிலுக்குப் பயந்து தொட்டியில் வைத்தவளை, என்றைக்கிருந்தாலும் போகிறவள், அதனால்தான் தொட்டியில் வைத்தாள் என்று நினைத்துவிட்டார்.

அண்ணி புதுப்புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். தம்பிமார் அவள் கிளம்புகிறாள் என்று நினைத்தார்கள். அவள் பேரலுக்குப் பின்னால் போய்க் காலைக் கொடுத்துத் தள்ளினாள். அது விளிம்பில் சாய்ந்து, கீழே விழுந்து, ஒரு பக்கமாகப் பிளந்தது. சனம் விலகியது. அவள் இறங்கி என்னிடம் வந்து, "பாப்பா, கடப்பாரை எங்க?" என்று கேட்டாள். நான் ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். அந்த வீட்டில் என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது.

வாசலின் நடுவில், அம்மா கோலம் போடுகிற இடத்தில் அவள் தோண்ட ஆரம்பித்தாள். சாவு வீட்டில் கருமாதி அன்றைக்கு மண்ணைக் கிளறி எந்தச் செடியும் வைக்கமாட்டார்கள். அதுவும் ஊமத்தை. அதுவும் அவள். பெண்கள் கூட்டமாக மூச்சை இழுத்தார்கள். களிமண் கெட்டித்துக் கிடந்தது, கடப்பாரை ஒவ்வொரு குத்துக்கும் எகிறியது. தம்பி ஒருவன் கைகொடுக்க வந்தான். "நீ சும்மா இர்றா" என்றாள்.

பேரலை உரித்து எடுத்தபோது வேர் பேரலின் அச்சிலேயே இருந்தது. வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தடித்துக் கிடந்தது. அவள் கத்தியை எடுத்து நான்கு பக்கமும் வேரைக் கீறிவிட்டாள். "எதுக்குக்கா அறுக்கற, செத்துடும்" என்றான் தம்பி. "அறுக்கலன்னா மண்ணுக்குள்ள போவாதுடா. தரையில வெச்சாலும் தொட்டி நெனப்புலயே சுத்திக்கினு கெடக்கும்" என்றாள். வைத்து, மண்ணைத் தள்ளி, மிதித்து, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாள். பிறகு வண்டியிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த மண்ணில் அது நிற்காது என்று அவளுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அது அவள் புருஷன் கொண்டுவந்த செடி. அதைத்தான் பணயம் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் இலையெல்லாம் துவண்டு, பிழிந்து போட்ட துணியாகத் தொங்கியது. தெருவே வந்து பார்த்தது. பெரியப்பா தன் வீட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி, "அடாத எடத்துல வெச்சா இப்பிடித்தான்" என்றார். அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் வாடறதெல்லாம் சாவு இல்ல மாமா. சாயங்காலமா வந்து பாருங்க."

சாயங்காலம் இலை நிமிர்ந்துகொண்டது. அடுத்த நாளும் வாடியது, அடுத்த நாளும் நிமிர்ந்தது. அந்த வெயில் காலம் முழுக்க அந்தச் செடி தினமும் மத்தியானம் செத்துச் சாயங்காலம் பிழைத்தது. மத்தியானம் வந்து உச்சுக்கொட்டிவிட்டுப் போனவர்களை எல்லாம் சாயங்காலம் மறக்காமல் வரச்சொல்லி அனுப்புவாள்.

அண்ணி வீராம்பட்டினத்தில் மீன் எடுத்துவந்து பாகூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்க ஆரம்பித்தாள். எங்கள் வீட்டு மருமகள் கூடை தூக்குவதா என்று பெரியப்பா கேட்டார். "நேத்து வரைக்கும் மருமவ இல்ல, இன்னிக்குக் கூடைய தூக்குனதும் மருமவளா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். எங்கள் தெரு வழியாகத்தான் போவாள், பெரியப்பா வீட்டுத் திண்ணைக்கு நேரே வரும்போதுதான் குரலை உயர்த்தி "மீனோவ்" என்பாள்.

செடியைப் பிடுங்கிவிட அவர் ஒரு ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் செடியைப் பார்த்ததும், ஊமத்தையைத் தொடமாட்டேன், எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது என்று போய்விட்டார். இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் அப்படியே. இவரே தெரு முழுக்கப் பரப்பின பயம் அது. கடைசியில் ஒருநாள் கை இரண்டிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு அவரே வந்தார். அண்ணி தடுக்கவில்லை. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து தண்டைப் பிடிக்கும் நேரத்தில் நிதானமாகச் சொன்னாள்:

"புடுங்கினப்பறம் அந்தத் துண்டால மொகத்த மட்டும் தொடைக்காதீங்க மாமா. சாறு கண்ணுல பட்டா பார்வ கலங்கிப்பூடும்."

பெரியப்பா குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை. நிமிர்ந்து, துண்டை அவிழ்த்து அங்கேயே போட்டுவிட்டுப் போனார். அந்தத் துண்டு நெடுநாள் வாசலிலேயே கிடந்து மக்கியது. நானும் எடுக்கவில்லை, அண்ணியும் எடுக்கவில்லை.

ஐப்பசி மழையில் அவள் பயந்தது நடந்தது. வாசலில் தண்ணீர் நின்றது. ஒரு பக்க வேர் அழுகி, மரம் சாய ஆரம்பித்தது. அண்ணி அவள் அப்பாவுடைய உடைந்த துடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தாள். ஒருநாள் அவள் மீனுக்குப் போயிருந்த நேரத்தில் நல்ல மழை. வெளியே மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தேன். அம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, செடியின் அடியிலிருந்து தெருவரைக்கும் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றேன்.

"கோலம் போடற எடத்துல தண்ணி நிக்குது. வெட்டி வுட வேணாமா?" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு கோலம் செடியைச் சுற்றி வட்டமாக விழ ஆரம்பித்தது. கேட்டால் புள்ளிக் கணக்கு அப்படித்தான் வருகிறது என்பாள். செடி ஒரு பக்கம் ஊனமாகி, துடுப்பில் சாய்ந்தபடியே பெரிதாகி, கூரை உயரத்துக்கு வந்தது. தொட்டியில் இருந்தபோது பத்துப் பூப் பூத்தால் அதிகம். தரையில் அது பூத்த பூவுக்குக் கணக்கில்லை. வாடை பெரியப்பா வீட்டுக்குள் சாத்தின ஜன்னல் வழியாகவும் போனது.

சில வருஷம் கழித்து அண்ணி இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். பூரணாங்குப்பத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாத மனுஷன். நானும் அதற்குள் மூலக்குளத்தில் வாழ்க்கைப்பட்டுவிட்டேன், சேதி கேட்டு ஓடிவந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார், இன்னும் நாலைந்து பெரிய மனுஷர்களும்.

"இந்த வூட்டு மருமவ இன்னொரு வூட்டுக்குப் போறதா? தலமொறைக்கும் அசிங்கம். உனக்கு இன்னா கொறை இங்க? ரூம்பு இருக்குது, வாசல் இருக்குது, உன் செடி இருக்குது. யாரு உன்னைப் போகச் சொன்னது?"

அண்ணி சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அன்னிக்கு நீங்க வண்டில ஏத்துனீங்க மாமா, நான் எறங்கிட்டேன். இன்னிக்கு நானே வண்டி கொண்டாந்திருக்கேன், நீங்க எறக்கப் பாக்கறீங்க. ஒங்களுக்கு நான் போறதும் புடிக்கல, இருக்கறதும் புடிக்கல. எதையும் நானா முடிவு பண்றதுதான் புடிக்கல."

வாசலில் ஐஸ் வண்டி நின்றது. அதன் சொந்தக்காரர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணி அதே துணிப்பையோடு வெளியே வந்தாள். செடியின் பக்கம் திரும்பவில்லை. தரையில் வைத்ததை யாரால் எடுத்துக்கொண்டு போக முடியும்.

அப்போது அம்மா கொல்லைப்பக்கத்திலிருந்து வந்தாள். கையில் அரிவாள். இன்னொரு கையில் ஈரச் சாக்கில் சுற்றின ஒரு குச்சி. என் அம்மா, அந்தச் செடியை ஒருநாளும் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிடாதவள், பெரியப்பாவுக்கு முன்னால் நடந்துபோய் அதை அண்ணியின் கையில் வைத்தாள்.

"கவைக்கு மேல வெட்டுனேன். கீழ வெட்டுனா பூக்க நாளாவும். நீ காத்துக்கினு இருந்தது போதும்."

அண்ணியின் முகம் கோணிக்கொண்டு போனது. கருமாதி அன்றைக்கு அழாதவள், கூடை தூக்கினபோது அழாதவள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அங்கயாவது தொட்டில வெக்காத. மொதல்லயே தரையில வெய்யி" என்றாள் அம்மா.

"சரி அத்த" என்றாள் அண்ணி.

அவள் யாருக்காவது சரி சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பெரியப்பாவும் கேட்டார். எழுந்து உள்ளே போனார். வண்டி கிளம்பியது.

அடுத்த கோடையில் நான் பூரணாங்குப்பம் போனேன். அம்மா கொடுத்தனுப்பிய மாவடு ஜாடி கையில் இருந்தது. இப்போது அம்மா இல்லை, பெரியப்பாவும் இல்லை, அண்ணியோடு பேச்சும் வருஷத்துக்கு ஒரு போன் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்த மத்தியானம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வீடு, மணல் வாசல், அலைச் சத்தம். வாசலில் பூத்துக் குலுங்கிக்கொண்டு நின்றது அந்தச் செடி. நீலப் பேரலில்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா அண்ணி இது. அம்மாகிட்ட தரையில வெக்கறேன்னு சரி சொன்னியே."

அண்ணி பேரலுக்கு அடியில் கோணியைச் செருகிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. உள்ளேயிருந்து அந்த மனுஷர் சாப்பிட வரச்சொல்லிக் கூப்பிட்டார். "பாக்கலாம்" என்று குரல் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போன்னு சொல்ற வூட்லதான் பாப்பா தரையில வெக்கணும். இங்க என்னை யாரு போகச் சொல்றாங்க?" என்றாள். "வா, அந்தப் பக்கம் புடி. நெழலுக்கு இழுக்கலாம்."